பொய் வயிறு

சம்பங்கி எந்த வரிசைக்குப் போனாலும் மூன்று பைகளோடுதான் போவார். ஒன்று தன்னுடையது. மற்ற இரண்டும் யாருக்கு என்று கிளம்பும்போது அவருக்கே தெரியாது. ரேஷன் கடை திறப்பதற்கு முன்னால் தரையில் வரிசையாகக் கிடக்கும் பைகளோடு தன் பையை வைப்பார். அதற்குப் பின்னால் மற்ற இரண்டையும் வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாதவர் போலத் தள்ளிப்போய் நின்று பீடி பற்றவைப்பார்.

"அது யாரு பைய்யா?" என்று யாராவது கேட்டால், "வந்துக்கினே இருக்கறாங்க" என்பார்.

கடை திறக்கிற நேரத்துக்கு எவனாவது நைட் ஷிப்ட் முடிந்து, கண்ணில் தூக்கத்தோடு ஓடி வருவான். சம்பங்கி கைதட்டிக் கூப்பிட்டு அந்தப் பைக்குப் பின்னால் அவனை நிறுத்துவார். வரிசையில் சத்தம் எழும். திட்டு எல்லாம் வரிசையில் நிற்கும் அவர் மனைவி ராஜாத்திக்குத்தான் விழும், ஏனென்றால் சம்பங்கி அப்போது பீடிக்கடைப் பக்கம் இருப்பார்.

"உனக்கு யாருய்யா இந்த வேலையக் குடுத்தது?" என்று கல்யாணமான இரண்டாவது மாதமே அவள் கேட்டுவிட்டாள். "பின்னாடி நின்ன பொம்பள என் பரம்பரையே இழுத்துட்டா."

"பிடு, பிடு. கரியப்பன் இப்பதான் ஷிப்ட் முடிஞ்சி வர்றான். அவன் எப்ப வந்து நின்னு எப்பத் தூங்குவான்?"

அவருக்கு வீட்டு மொழி கன்னடம். தளிப் பக்கத்து ஊர். தமிழ் நன்றாகவே பேசுவார் என்றாலும் 'விடு' என்று சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் கடைசிவரை 'பிடு' என்றுதான் வந்தது. நாகரசம்பட்டியில் பிறந்து வளர்ந்த ராஜாத்திக்கு முதலில் அது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பைகளும் அப்படித்தான் பழகின.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த புதிதில் வார்ப்பு ஆலை ஒன்றில் சேர்ந்தவர் சம்பங்கி. ஆலை வாசலில் சுவரோடு பதித்த ஒரு கடிகாரப் பெட்டி உண்டு. ஆளுக்கொரு அட்டை. அதைப் பெட்டிக்குள் செருகினால் வந்த மணி அதில் விழும். அதைக் 'கார்டு அடிக்கிறது' என்பார்கள். மழைநாளில் தளி பஸ் பிந்தி வரும். அப்போதெல்லாம் சம்பங்கி தன் அட்டையோடு இன்னும் இரண்டு மூன்று அட்டைகளையும் அடித்துவிடுவார். அவர் அப்பா செத்த அன்று அவருடைய அட்டையை வேறு யாரோ அடித்தார்கள். இதில் யாருக்கும் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. வராதவனின் வேலையை வந்த இருவர் பங்கு போட்டுச் செய்துவிடுவார்கள். உருக்கிய இரும்பு நேரத்துக்கு அச்சில் இறங்கும். யாருக்கும் சூடு பட்டதில்லை.

தொண்ணூற்று இரண்டில் ஆலை மூடியது. கொஞ்ச நாள் வேலை தேடி அலைந்துவிட்டு, பாகலூர் ரோட்டில் புதிதாக வந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராகச் சேர்ந்தார். கத்தி கத்தரிகளைக் கழுவி வேகவைப்பது, விளக்கைத் திருப்புவது, நோயாளியை மேசைக்கு மாற்றுவது. ராஜாத்தி ஏற்கெனவே மின்சார சுவிட்சு பொருத்தும் கம்பெனி ஒன்றில் தற்காலிகமாக இருந்தாள். பிள்ளை இல்லாத வீடு. இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்று இருக்கவேண்டும் என்பது ஆலை மூடிய வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம். அதனால் தன் வேலை நிரந்தரமாகிவிட வேண்டும் என்பதில் அவள் குறியாக இருந்தாள். வேறு எதற்கும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் பொன்னுசாமி. எல்லோருக்கும் பெரிய டாக்டர். அவருக்குக் கீழே பரமசிவம் என்று ஓர் இளைஞர். சாமல்பட்டிப் பக்கத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்து, சர்ஜரி வரைக்கும் படித்து வந்தவர். வேலைக்காரர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். சம்பங்கியை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியில் வேறு எந்த டாக்டரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லை சம்பங்கி வீட்டில் வந்து எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று ராஜாத்திக்குக் கணக்கில்லை.

தொண்ணூற்று ஏழில் பெங்களூர் கம்பெனி ஒன்று அந்த மிஷினைக் கொண்டுவந்து இறக்கியது. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, ஒரு துளை வழியாகக் கேமராவையும் மற்றவற்றின் வழியாக நீளமான கருவிகளையும் விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே செய்யும் ஆபரேஷன் அப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருந்தது. அதில் கை ஒரு பக்கம் போனால் கருவியின் முனை உள்ளே எதிர்ப்பக்கம் போகும். பழகாதவனுக்குத் தலை சுற்றும். ஆள்மேல் பழகாமல் கம்ப்யூட்டர்மேல் பழகுவதற்குத்தான் மிஷின். ஒரு சட்டத்தில் இரண்டு கைப்பிடிகள். எதிரே திரை. கைப்பிடியை அசைத்தால் திரைக்குள் இரண்டு கருவிகள் அசையும். அவற்றால் ஒரு பந்தைப் பிடித்து, மற்ற கருவிக்கு மாற்றி, ஒரு கூண்டுக்குள் வைக்கவேண்டும். தேறினால்தான் அடுத்த கட்டம் திறக்கும். கட்டம் ஏற ஏறப் பந்து போய், தசை மாதிரி, குழாய் மாதிரிப் படங்கள் வரும். எதைத் தொட்டாலும் கையில் மட்டும் ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அதற்குப் பொய் வயிறு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மிஷினில் எல்லாக் கட்டமும் தேறாமல் யாரும் நிஜ வயிற்றில் கருவி பிடிக்கக்கூடாது என்பது பெரிய டாக்டர் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் பயிற்சி நேரம் சாயங்காலம். பரமசிவத்துக்குச் சாயங்காலம் தளியில் கிளினிக் இருந்தது. தங்கைகள் இருவரின் படிப்பும் அந்தக் கிளினிக்கில்தான் ஓடியது.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் ராஜாத்தி ஷிப்ட் முடிந்து, புருஷனுக்குச் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் சம்பங்கி தனியாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாக்கு நுனி வெளியே தெரிந்தது.

"என்னாய்யா, கொழந்தையாட்டம் வெளையாடிக்கினு இருக்கற?"

"இரு இரு, பந்து வுழுந்துரும்... போச்சு! நீ வந்த, போச்சு."

"நான் வந்ததாலயா? குடு இங்க."

அவள் கைப்பிடிகளை வாங்கினாள். பந்து திரையின் ஒரு மூலையிலும் அவள் கருவி இன்னொரு மூலையிலுமாக ஓடின. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். திரையின் மேலே ஆங்கிலத்தில் ஒரு பேர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது டாக்டர் பேராச்சே?"

"அவரு பேர்லதான் நான் தொறக்கறது. தெனம் ஓட்டணும் இல்ல? வண்டி மாதிரி. ஓட்டலன்னா கெட்டுப் போயிரும்."

அவள் நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை. மாசி வரைக்கும் அவர் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தார். சில நாள் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு அஞ்சாவது கட்டம் தொறந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, திருடிய மாங்காயைத் தின்றவன் மாதிரிச் சிரிப்பார்.

தொண்ணூற்று எட்டு மாசியில் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்டு எழுந்தால் போதும், யாரோ உள்ளே கையை விட்டு முறுக்குவது போல இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், பித்தப்பையில் கல் என்றார். எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக்கூடாது.

"பயப்படாதம்மா. பழைய காலம் மாதிரி வயித்தக் கிழிக்கறது இல்ல. நாலு தொளை. நானே பண்றேன். ஒரு வாரத்துல நீ லைன்ல போயி ஒக்காந்துக்கலாம்."

அந்த ஒரு வாரம்தான் அவளுக்குக் காதில் விழுந்தது. நிரந்தரம் செய்யும் பட்டியல் பங்குனியில் போகவிருந்தது. அவள் பேர் அதில் இருப்பதாக சூப்பர்வைசர் திம்மப்பன் வாயாலேயே சொல்லியிருந்தார். அவரிடம் போய் லீவு கேட்டாள்.

"ஒரு வாரம்னா சமாளிச்சிடுவேன் ராஜாத்தி. அதுக்கு மேல போச்சுன்னா உன் எடத்துல வேற ஆளு போடச் சொல்லுவாங்க. சர்வீஸ் பிரேக் ஆயிடும். மறுபடி மொதல்ல இருந்து. நான் சொல்லலன்னு சொல்லாத."

"ஒரே வாரம் சார். தொளை ஆபரேஷன். எங்க வூட்டுக்காரரு அங்கதான் இருக்காரு, அவருக்கு எல்லாம் தெரியும்."

ஆபரேஷன் அன்று காலை அவளுக்குப் பச்சைச் சட்டை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். பரமசிவம் வந்தார். கண் தூங்காத கண்ணாக இருந்தது.

"அக்கா, இன்னைக்கு நான் பண்றேன். பெரிய டாக்டர் கூடவே இருப்பாரு."

சொல்லிவிட்டு சம்பங்கியை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் சன்னலுக்கு வெளியே நின்று பேசுவது ராஜாத்திக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. சம்பங்கி முதலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு டாக்டரின் தோளில் ஒரு முறை தட்டினார். திரும்பி வந்து கட்டில் ஓரமாக நின்றார்.

"ஏய்யா, சின்ன டாக்டராமே? இதுக்கு முன்னாடி பண்ணியிருக்காரா?"

"மிஷின்ல எல்லாம் பாஸ் பண்ணிட்டாரு."

"நீ சொல்லு. நம்பலாமா?"

"நம்பு புள்ள. நான்தான் கேமரா புடிக்கறேன். உள்ளதான் இருப்பேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது சாயங்காலமாகியிருந்தது. அடிவயிற்றிலிருந்து மார்வரைக்கும் நெருப்பு. கையால் தடவிப் பார்த்தாள். நாலு சின்னப் பிளாஸ்திரி இருக்கும் என்று நினைத்த இடத்தில், விலாவை ஒட்டிக் கோணலாக ஒரு முழ நீளத்துக்குக் கட்டு இருந்தது. அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. "எத்தன நாளு?" என்றுதான் கேட்டாள்.

"உள்ள எல்லாம் ஒட்டிக்கினு இருந்துச்சுக்கா" என்றார் பரமசிவம், கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு. "தொறந்துதான் எடுக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு மாசம் வெயிட் தூக்கக்கூடாது."

சம்பங்கி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

அவள் கம்பெனிக்குத் திரும்பியபோது அவள் நாற்காலியில் சூளகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திம்மப்பன் தலையைச் சொறிந்தார். மறுபடி தற்காலிகம், மறுபடி முதலிலிருந்து, அதுவும் இடம் காலியானால். ராஜாத்தி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். மூன்றாவது நாள் எழுந்து, ஒட்டிக்கொண்டிருந்ததற்கு டாக்டர் என்ன செய்வார், உயிர் பிழைத்ததே பெரிது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வைகாசியில் நாகரசம்பட்டியிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய மாம்பழத்தில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு கூடை கட்டி சம்பங்கி கையில் கொடுத்தாள்.

"சின்ன டாக்டருக்குக் குடு. என்னைப் பொழைக்க வெச்ச மனுசன்."

சம்பங்கி அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனியில் அவர் வேலையை விட்டுவிட்டதாக வந்து சொன்னார். ஏன் என்றதற்கு, "புடிக்கல, பிடு" என்றார். பிடித்ததோ இல்லையோ, வார்ப்பு ஆலை மூடும்வரை அங்கேயே இருந்த மனுஷர். ராஜாத்திக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் தன் வேலை போன துக்கத்தில் அவள் அதைத் துருவவில்லை.

துருவாமலே அது வந்து சேர்ந்தது. ஆடியில் ஒரு நாள், டவுன் பஸ்ஸில், தியேட்டர் நர்ஸ் மாதம்மாள் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம்.

"அண்ணனுக்கு வேற வேலை கெடச்சுதாக்கா? பாவம். எல்லாப் பழியும் அவரு தலையில போட்டுட்டாரு அந்தாளு."

"எந்தாளு? என்னா பழி?"

"என்னாக்கா தெரியாத மாதிரி கேக்கற?" மாதம்மாள் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் நிறுத்தவில்லை. "மிஷின் கம்பெனிக்காரன் வந்தான் இல்ல? மிஷின் கணக்குல ஆஸ்பத்திரியிலயே பஷ்டு கை பரமசிவம் டாக்டரோடதுதான், பெங்களூர்ல பெரிய பெரிய டாக்டருங்க முன்னாடி ஒக்காந்து காட்டணும்னான். பெரிய டாக்டருக்கு வாயெல்லாம் பல்லு. இங்கியே ஒரு தடவ காட்டுய்யான்னாரு. இவரு ஒக்காந்தாரு. ஒரு பந்து நின்னா ஒரு பந்து வுழுவுது. மொதோ கட்டமே தேறல! கம்பெனிக்காரன் மூஞ்சியப் பாக்கணுமே."

"ஏன் தேறல?"

"அவரு எங்கக்கா பழகுனாரு? சாயங்காலமானா தளிக்கு வண்டிய வுட்டுருவாரு. அவரு பேரப் போட்டுக்கினு தெனமும் ஒக்காந்தது உன் வூட்டுக்காரரு. கார்டு அடிக்கற மாதிரி. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினுதான் பண்ணாங்க, எங்களுக்கெல்லாம் தெரியும். பெரிய டாக்டர் சத்தம் போட்டதும், எனக்குத் தெரியாது, என் பாஸ்வேர்டை சம்பங்கி திருடிட்டாருன்னு ஒரே போடு போட்டுட்டாரு. அண்ணே அண்ணேன்னு கூப்புட்ட வாயி! அண்ணன் ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

பஸ் சந்தைப் பக்கம் திரும்பியது. ராஜாத்தி இறங்கவேண்டிய இடம் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப என் ஆபரேஷன்?"

மாதம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"சொல்லு மாதம்மா."

"ஒட்டிக்கினு எல்லாம் இல்லக்கா. வழுக்குச்சி. பொய் வயித்துல வழுக்காது இல்ல? அவரு கை ஒரு பக்கம் போவுது, கருவி ஒரு பக்கம் போவுது. அண்ணன் கேமராவப் புடிச்சிக்கினு, சார் எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்னு சொல்லிக்கினே இருந்தாரு. ரத்தம் வந்துடுச்சி. ஒடனே தொறந்துட்டாரு. தொறந்தப்புறம் நல்லாத்தான் பண்ணாரு, நான் பொய் சொல்லக்கூடாது."

"பெரிய டாக்டர் பக்கத்துல இருந்தாரு இல்ல?"

"அவரு மொத நாளு ராத்திரியே பெங்களூரு போயிட்டாரேக்கா. போறப்ப, பரமசிவம்தான் எல்லாம் பாஸ் பண்ணிட்டானே, அவனே பண்ணட்டும்னு சொல்லிட்டுப் போனாரு."

அன்று சாயங்காலம் ராஜாத்தி புருஷனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில என்னா நடந்துச்சு?" என்று பொதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள். "அது போனாப் போவுது" என்றார். விளக்கை அணைத்த பிறகும் அவள் விழித்துக் கிடந்தாள். அந்தப் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தவள் அவள்தானே. அந்தக் கைப்பிடிகளைப் பிடித்துச் சிரித்தவளும் அவள்தானே. யார்மேல் கோபப்படுவது என்று தேடி, எல்லார்மேலும் கோபப்பட்டு, கடைசியில் அந்த மாம்பழக் கூடைமேல் வந்து நின்றது. எல்லாம் தெரிந்திருந்தும் அதை எப்படிச் சம்பங்கி கையில் வாங்கிக்கொண்டு போனார்?

ஆவணியில் அவள் தளி பஸ் ஏறினாள்.

பரமசிவத்தின் கிளினிக் ஒரு விதைக்கடைக்குப் பின்னால் இருந்தது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு, கன்னடத்தில் பேசியபடி நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்து உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து எழுவதில்லை.

"ஒக்காருங்க சார். நான் சண்டைக்கு வரல. அந்த மிஷின்ல நீங்க எத்தன நாளு ஒக்காந்தீங்க?"

அவர் மேசையில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை மடித்து வைத்தார். மறுபடி எடுத்தார். "நாலஞ்சு தடவ."

"தெரிஞ்சும் என் வயித்துல கைய வெச்சீங்களா?"

"பெரிய டாக்டர்கூட நின்னு நெறைய பாத்திருக்கேன்க்கா. பாத்ததே வந்துரும்னு நெனச்சேன். முடியாதுன்னு அவருகிட்டச் சொன்னா மிஷின் கத வெளிய வந்துரும். எங்க குடும்பத்துல நான் ஒருத்தன்தான்..." என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டார்.

"உங்களுக்காக ஒக்காந்த மனுசன திருடன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்." தலை நிமிரவில்லை. "படிச்சவன் பேச்சுக்கு மதிப்பிருக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் கிளம்பப் போனாள். கதவுவரை போனபோது பின்னால் இருந்து அவர் குரல் வந்தது.

"அண்ணன் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"என்னா சொல்லணும்?"

"அன்னைக்குக் காலைல வராந்தாவுல நான் அவருகிட்டக் கேட்டேன்க்கா. பெரிய டாக்டர் வர நாளு ஆவும். படுத்திருக்கறது உங்க வூட்டம்மா. வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, ஏதாவது காரணம் சொல்லித் தள்ளி வெச்சிடறேன்னு. அவருதான், ஒரு வாரம்தான் லீவு, தள்ளிப்போனா அவ வேல போயிரும், நீங்க பண்ணுங்க சார், நான் கேமரா புடிக்கறேன் இல்ல, பாத்துக்கலாம்னாரு."

ராஜாத்திக்கு அந்தச் சன்னலும், குனிந்த தலையும், தோளில் தட்டிய கையும் அப்படியே தெரிந்தன. ஆனால் இதைச் சொல்கிறவர் பெரிய டாக்டர் முன்னால் கூசாமல் பொய் சொன்னவர். ஒட்டிக்கொண்டிருந்தது என்று அவளிடமே சொன்னவர். பெரிய டாக்டர் கூடவே இருப்பார் என்றும் சொன்னவர். இது நிஜமா, இல்லை போகிற போக்கில் சுமையில் பாதியை மறுபடியும் தன் 'அண்ணே' தலையில் ஏற்றுகிறாரா? திரும்பி வரும் பஸ்ஸில், மத்திகிரி தாண்டும்வரைக்கும் அவள் அதையே புரட்டிக்கொண்டு வந்தாள். பொய்யாக இருந்தால் டாக்டரைக் காறித் துப்பிவிட்டு மறந்துவிடலாம். நிஜமாக இருந்தால், நம்பு புள்ள என்று சொன்ன வாய், அதற்கு அரை நிமிஷம் முன்னால் அவள் உடம்பை அவளைக் கேட்காமல் ஒப்புக்கொடுத்திருக்கிறது. அவள் வேலைக்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவளையல்லவா கேட்டிருக்கவேண்டும்?

வீட்டில் சம்பங்கி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தளிக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும். மிஷினு, பாஸ்வேர்டு, எல்லாம். அதுக்கெல்லாம் நான் சண்ட போடல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்குக் காலைல உன்னைக் கேட்டாரா? வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன்னு கேட்டாரா, இல்லியா?"

அவர் கையில் அவளுடைய ஈரப் புடவை இருந்தது. அதை உதறினார். மறுபடி உதறினார்.

"சொல்றேன்."

"இப்பச் சொல்லு. ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல."

"சொல்றேன் ராஜாத்தி. இன்னைக்கு வேணாம். சொல்றேன்."

அன்றைக்கு அவர் 'பிடு' என்று சொல்லவில்லை. அதனால் அவள் விட்டுக்கொடுத்தாள். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தாள்.

பிறகு அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். அவள் தைக்கிற கம்பெனியில் நூல் வெட்டப் போனாள். வீடு ஓடியது. அவளால் தூக்கமுடியாத குடத்தை அவர் தூக்கினார். கேட்காத வேலையெல்லாம் செய்தார். அவள் தலைவலி என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு ஒரு தடவை கேட்டாள், யுகாதிக்கு ஒரு தடவை கேட்டாள். "சொல்றேன்" என்றார், கடன் வாங்கினவன் தவணை கேட்பது மாதிரி. ஒரு தடவை வாயைத் திறந்தார்கூட. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட, எழுந்துபோனவர் அதோடு அந்தப் பேச்சுக்குத் திரும்பவில்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் தின்று, அந்த ஒரு கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள்.

தொண்ணூற்று ஒன்பது ஐப்பசியில், வேலை முடிந்து ஓசூருக்கு வரும் பஸ்ஸில், சன்னலோர சீட்டில் தலை சாய்ந்தபடி சம்பங்கி இறந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் தட்டி எழுப்பியிருக்கிறார்.

சாவுக்கு அவள் எதிர்பார்க்காத கூட்டம் வந்தது. பழைய வார்ப்பு ஆலை ஆட்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கரியப்பன், மாதம்மாள். ஒவ்வொருவரும் அவர் தனக்குச் செய்ததை ஒரு கதையாகச் சொல்லி அழுதார்கள். ராஜாத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, நிற்கவும் நின்றது.

உச்சிப்பொழுதுக்குப் பரமசிவம் வந்தார். தெருமுனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஒரு மாலையோடு நடந்து வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வெகுநேரம் சம்பங்கியின் காலடியில் நின்றார். பிறகு ராஜாத்தி பக்கம் வந்து குனிந்தார்.

"அண்ணன் உங்ககிட்டச் சொன்னாராக்கா?"

"இல்ல."

"நான் சொன்னது நெசம்க்கா. எங்க அம்மா மேல சத்தியமா நெசம்."

"இருக்கும் சார்" என்றாள். "உங்களைக் கேக்கல. அவருகிட்டக் கேட்டேன். அவருதான் சொல்றேன்னாரு."

வெளியே பறை முழங்கத் தொடங்கியது. ஆட்கள் உள்ளே வந்து பாடையைத் தூக்க இடம் கேட்டார்கள். அவள் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்து வழி விட்டாள்.